ஜெல் நகத்தோடு வார்டுக்குப் போகலாமா?

நர்சிங் முதலாமாண்டு: அடுத்த வாரம் முதல்முறையாக வார்டில் போடுகிறார்கள். கையுறைதான் போடப் போகிறோமே, ஜெல் நகத்தை (ஜெல்லால் செய்த செயற்கை நகம்) எடுத்தே ஆக வேண்டுமா? நிச்சயதார்த்த மோதிரம் வேறு இருக்கிறது, கழற்ற மனசே வரவில்லை.

வார்டு அக்கா: எடுத்துவிடு தங்கச்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 கைச்சுத்த வழிகாட்டியிலேயே, நோயாளியை நேரடியாகத் தொடுகிறவர்களுக்குச் செயற்கை நகம் கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கையில் கிருமி அதிகம் தங்குவதே நகத்துக்கு அடியில்தான். நீள நகம் கையுறையைக் கிழித்தாலும் சில நேரம் தெரியாது, கையுறையைக் கழற்றும்போதும் கிருமி கையில் ஒட்டிக்கொள்ளும், அதனால் கையுறைக்கு அப்புறமும் கை கழுவத்தான் வேண்டும்.

ஐசியூ அண்ணன்: மோதிரத்துக்கு அடியில் சோப்பு சரியாகப் போகாது, கல் வைத்ததென்றால் நோயாளியின் தோலையும் கீறும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாம்மா.

நர்சிங் முதலாமாண்டு: சரி, இன்றே எடுக்கிறேன். சானிடைசர் இருந்தால் போதும்தானே?

வார்டு அக்கா: கை பார்வைக்குச் சுத்தமாக இருந்தால் போதும், 20-30 விநாடி தேய். ரத்தம், மலம் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளி என்றாலும் அப்படியே, அதன் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசரில் உள்ள ஆல்கஹாலுக்குச் சாகாது.