இணைக்கப்பட்டது, இணைக்கப்படவில்லை

அன்புள்ள தமிழாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியிலிருந்து அப்பா போன் செய்தார். பேரன் வாங்கிக் கொடுத்த புளூடூத் ஹெட்செட்டை மடிக்கணினியோடு சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை மாதிரி கிடக்குமே, அந்த ரகம். அவர் கணினியின் திரையைத் தமிழுக்கு மாற்றி வைத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "தம்பி, இதுல இணைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு. பக்கத்துலயே இணைக்கப்படவில்லைன்னும் போட்டிருக்கு. நான் எதை நம்பறது?" என்றார்.

ஆங்கில மூலத்தில் இருப்பது 'பேர்டு' (paired), 'நாட் கனெக்டட்' (not connected) என்ற இரண்டு வேறு சொற்கள். இரண்டையும் 'இணை' என்றே போட்டுவைத்த ஆள் வேறு யாருமில்லை, நான்தான். மொழிபெயர்ப்புக் கோப்பை ஒரே இரவில் முடித்து இந்தக் குழுவுக்கு அனுப்பினேன். பாராட்டினீர்கள், யாரும் படித்துப் பார்க்கவில்லை. சரி, இப்போதாவது பார்ப்போம்.

'பேர்' செய்யும்போது என்ன நடக்கிறது? ஹெட்செட்டின் பொத்தானை விளக்கு மினுக்கும் வரை அழுத்திப் பிடிக்கிறோம். அது சுற்றியிருப்பவற்றுக்கெல்லாம் தன் பெயரைச் சொல்லத் தொடங்குகிறது. கணினி அதைக் கண்டு நம்மிடம் காட்டுகிறது. நாம் சரி என்றதும் இரண்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படி எடுத்து வைத்துக்கொள்கின்றன. முன்பு 0000 என்று நான்கு சுழியம் அடிக்கச் சொல்லும், 2007இல் 2.1 பதிப்பு வந்த பிறகு அந்த வேலை பெரும்பாலும் இல்லை. ஆக, இது ஒரு தடவை நடப்பது. மறுநாள் ஹெட்செட்டை முடுக்கினால் சாவியைக் காட்டி நேராக உள்ளே வந்துவிடும். அந்த வருகைதான் 'கனெக்ட்'. அணைத்தால் இணைப்பு போகும், சாவி போகாது. அப்பா பார்த்தது அந்த நிலையைத்தான். அவர் ஹெட்செட்டை ஆன் செய்யவே இல்லை.

'கனெக்ட்'டுக்கு இணைப்பு இருக்கட்டும். அது ஊறிப்போன சொல். 'பேர்'தான் வெளியே போகவேண்டும். எங்கே போவது?

'பிணை' என்று சிலர் எழுதுகிறார்கள். 'இணை'யோடு எதுகை சேர்கிறது என்பதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிணை என்றதும் நீதிமன்ற வாசலும் பிணைக்கைதியும்தான் கண்ணில் வருகின்றன. 'இணைசேர்' உயிரியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. "உங்கள் கைப்பேசி இணைசேரத் தயார்" என்று வந்தால் பெரியவர்கள் முன்னால் போனைத் திறக்க முடியாது. 'ஜோடி சேர்' நல்ல புழக்கச் சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஜோடி என்றால் இரண்டோடு முடிந்துவிட வேண்டும். ஒரு ஜோடி செருப்பு, ஒரு ஜோடி மாடு. இந்த ஹெட்செட்டோ கைப்பேசி, மடிக்கணினி, பேரனின் டேப்லெட் என்று பல சாவிகளை மடியில் கட்டிக்கொண்டு திரிகிறது.

அந்தச் சாவியை அழிக்க ஆங்கிலத் திரையில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. அங்கே இருப்பது 'ஃபர்கெட்'. மறந்துவிடு என்கிறது. மறக்கவேண்டுமென்றால் முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் என் முன்மொழிவு: அறிமுகம். அப்பா பார்த்த வரி "அறிமுகமானது, இணைப்பில் இல்லை" என்று ஆகும். கல்யாண வீட்டில் பேசிப் பழகிய மனிதர் மாதிரி. ஆளைத் தெரியும், இப்போது பக்கத்தில் இல்லை.

இனி இரண்டாவது சிக்கல். இதுதான் பெரியது.

ஒரு வழியாக இணைப்பு கிடைத்து அப்பா பஜனைப் பாட்டு கேட்டிருக்கிறார். நடுவில் அக்காவோடு வீடியோ அழைப்பு. பேசி முடித்துவிட்டு மறுபடி பாட்டைப் போட்டால் யாரோ கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருக்கிறதாம். "ஜால்ரா சத்தமே காணோம்டா" என்றார். ஹெட்செட் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

கெடவில்லை. ஆனால் ஜால்ராவைக் காணோம் என்றது மிகச் சரியான கணிப்பு. நாம் இன்று பரவலாக வைத்திருக்கும் புளூடூத் ஹெட்செட்டுகள் ஒலியை இரண்டு விதமாகக் கையாளுகின்றன. ஒன்று ஏ2டிபி. கணினியிலிருந்து காதுக்கு ஒரே திசையில், இடம் வலம் என இரண்டு தடங்களில், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற குறிமுறையில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வழக்கமாக நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். பாட்டுக்கு அது போதும். ஆனால் அந்த ஏற்பாட்டில் மைக்குக்கு இடமில்லை. மைக் வேண்டுமென்றால் எச்எஃப்பி என்ற மற்ற ஏற்பாட்டுக்குத் தாவவேண்டும். அது தொலைபேசிப் பேச்சுக்காக வந்தது. போக வர இரண்டு திசையும் உண்டு, ஆனால் ஒரே தடம். அதன் பழைய குறிமுறையில் ஒலியை நொடிக்கு 8,000 தடவை மட்டுமே அளக்கிறார்கள். அளக்கும் எண்ணிக்கையில் பாதி வரைதான் அதிர்வுகளைப் பிடிக்க முடியும், அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது எதுவும் வராது. ஜால்ராவின் கணீர் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. பின்னால் வந்த குறிமுறையில் 16,000 தடவை அளக்கிறார்கள். பேச்சு தெளிவாகும், பாட்டுக்கு அதுவும் பற்றாது. அக்காவோடு பேசிய செயலியை அப்பா மூடவில்லை. அது மைக்கைப் பிடித்துக்கொண்டே இருந்ததால் ஹெட்செட் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எல்இ ஆடியோ என்ற புதிய ஏற்பாட்டில் இந்தத் தொல்லை தீரும், ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் கணினிக்கு இப்போதைக்கு வாய்ப்பில்லை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று பாருங்கள். விண்டோஸ் 10இல் ஒரே கருவி இரண்டு பேரில் நிற்கும்: ஒன்று 'ஹெட்போன்ஸ்', ஸ்டீரியோ என்ற ஒட்டோடு, இன்னொன்று 'ஹெட்செட்', ஹேண்ட்ஸ் ஃப்ரீ ஏஜி ஆடியோ என்ற ஒட்டோடு. லினக்ஸில் ஒன்று 'ஹை ஃபிடலிட்டி பிளேபேக்', மற்றது 'ஹெட்செட் ஹெட் யூனிட்'. அவர்களுக்கு ஹெட்போன் கேட்பதற்கு, ஹெட்செட் பேசுவதற்கு. நம் ஊரில்? காதில் எதை மாட்டினாலும் அது ஹெட்செட்தான். பத்து ரூபாய்க்குப் பேருந்தில் விற்ற வயர் வைத்ததும் ஹெட்செட், பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கியதும் ஹெட்செட். ஆகவே ஹெட்செட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, ஜால்ராவைத் தொலைத்துவிட்டு, கடைக்காரரைத் திட்டுவோம்.

அதனால் 'ஹெட்போன்'னுக்குத் தமிழ் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதை நிறுத்தலாம் என்கிறேன். தலைபேசி, செவிபேசி, காதொலிப்பான் என்று இந்தக் குழுவில் எத்தனை மடல்கள்! தலைபேசிக்கும் தொலைபேசிக்கும் ஒரு கொம்பும் காலும்தான் வித்தியாசம். அப்பா கண்ணாடி போட்டாலும் தடுமாறுவார். ஹெட்செட் ஹெட்செட்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். திரையில் கருவியின் பெயர் வேண்டாம், அது செய்கிற வேலையின் பெயர் போதும்: 'கேட்கும் முறை', 'பேசும் முறை'. முதலாவதன் கீழே சிறிய எழுத்தில் "மைக் வேலை செய்யாது", இரண்டாவதன் கீழே "பாட்டின் தரம் குறையும்". இப்போது நம் கோப்பில் இந்தப் பட்டியலுக்குத் தலைப்பு 'ஒலி சுயவிவரம்'. ஹெட்செட் ஏதோ வேலைக்கு விண்ணப்பித்திருப்பது போல.

இன்னும் ஒன்று. ஒலி புறப்படும் பக்கம் 'சோர்ஸ்', போய்ச் சேரும் பக்கம் 'சிங்க்'. நம் கோப்பில் இரண்டாவது 'மூழ்கு' என்று இருக்கிறது. ஆங்கிலத்தில் 'சிங்க்' என்றால் மூழ்குவதும்தான், இயந்திர மொழிபெயர்ப்பு கொடுத்ததை அப்படியே விட்டிருக்கிறோம். நான் டெல்டாக்காரன், எனக்கு வேறு சொல் தோன்றாது: தலைமடை, கடைமடை. தண்ணீர் மேலே எங்கே திரும்புகிறதோ அது தலைமடை, கடைசி வயலுக்கு எங்கே போய்ச் சேர்கிறதோ அது கடைமடை. ஹெட்செட் கடைமடை.

புளூடூத்தைத் தொடவேண்டாம். அது ஆள் பெயர். டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற ராஜாவின் பட்டப்பெயர். இன்டெல்லில் இருந்த ஜிம் கார்டக் 1997இல் தற்காலிகமாக வைத்தது, அப்படியே நின்றுவிட்டது. நம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த 985ஐ ஒட்டித்தான் அந்த ஹரால்டு இறந்தார். ராஜராஜனை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, இவரையும் விட்டுவிடலாம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

கோவையிலிருந்து:

வணக்கம் நண்பரே. 'மூழ்கு'வை மூழ்கடித்ததற்கு நன்றி. மற்றவற்றில் இரண்டு மறுப்பு.

> புளூடூத்தைத் தொடவேண்டாம்

'ஊடலை' புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வலம் வரும் பட்டியல்களிலெல்லாம் இருக்கிறதே? ஊடு, அலை. அழகான சொல்.

> என் முன்மொழிவு: அறிமுகம்

"புதிய சாதனத்தை அறிமுகப்படுத்து" என்று பொத்தானில் வரும். அதைப் படித்தால் எனக்கு மேடை, குத்துவிளக்கு, நடிகை எல்லாம் தெரிகிறது. நிறுவனங்கள்தான் புதிய சாதனத்தை அறிமுகப்படுத்தும்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணா, வணக்கம். அறிமுகம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் ஜோடியைச் சோடி என்போம். அதையும் நீங்கள் தள்ளிவிட்டதில் வருத்தமில்லை.

ஆனால் 'பேசும் முறை' வேண்டாம். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. "அம்மா பேசினவா" என்று ஒரு பிள்ளை சொன்னால், நல்ல ஏச்சு விழுந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்வோம். மற்றதற்குக் கதைக்கிறது என்றுதான் சொல்வோம். ஹெட்செட்டில் ஏசும் முறை என்று ஒன்று இருப்பது சில வீடுகளுக்கு உதவும்தான், ஆனாலும் வேண்டாம். 'கதைக்கும் முறை' என்று போட்டால் உங்கள் பக்கம் கதைசொல்லி வருவார் என்று நினைப்பார்கள். 'உரையாடல் முறை' என்றால் இரு கரையிலும் பிழையில்லை.

கடைமடை வடிவான சொல். ஆனால் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை அண்ணா. எங்களுடையது கிணற்றுத் தண்ணீர். நான் அகராதி பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன். பயணச்சீட்டில் இருக்கிற 'சேருமிடம்' போதாதா? ஒலி புறப்படும் இடம், ஒலி சேருமிடம். ஒருவருக்கும் அகராதி தேவைப்படாது.

*

இருவருக்கும் நன்றி.

உரையாடல் முறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஏசும் முறையை நினைத்து இங்கே வீட்டில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஊடலையைப் பற்றி: எழுதும்போது அழகுதான், உருபு ஏறும்போது பாருங்கள். அமைப்புகளில் "ஊடலை நிறுத்து" என்று ஒரு பொத்தான் வரும். அதைப் படிக்கிற எவருக்கும் ஊடல் என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்ததாகத்தான் தெரியும். தலைவி கதவைச் சாத்திக்கொண்ட மாதிரியும், கணினி நடுவில் நின்று சமாதானம் பேசுகிற மாதிரியும் இருக்கும். புலனத்தில் படிப்பதற்குச் சரி, பொத்தானில் வேண்டாம்.

அறிமுக விழா மறுப்பு நியாயமானது. ஆனால் குற்றம் சொல்லில் இல்லை, உருபில் இருக்கிறது. 'சாதனத்தை' என்றால் விழா மேடை. 'சாதனத்தோடு' என்றால் இரண்டு பேர் சந்திக்கிறார்கள். பொத்தானில் "புதிய சாதனத்தோடு அறிமுகம்" என்று போடுகிறேன், பட்டியலுக்கு "அறிமுகமான சாதனங்கள்".

கடைமடையை விட மனசே வரவில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் எங்கள் ஊர் வரைக்கும் வந்துசேர்ந்ததா என்று விசாரித்தே வளர்ந்தவன். ஆனால் அந்தச் சொல்லை நாளிதழில் எந்த வாக்கியத்தில் பார்க்கிறோம் என்று யோசித்தேன். "கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை." ஹெட்செட்டுக்கு இதைவிட மோசமான பெயர் வைக்க முடியாது. சேருமிடமே இருக்கட்டும்.

நேற்று இரவு திருத்திய கோப்பை அப்பாவின் கணினியில் ஏற்றிவிட்டு, போனிலேயே படிக்கச் சொன்னேன். "அறிமுகமானது, இணைப்பில் இல்லை" என்று படித்தார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப ஆன் பண்ணணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்து, "கீழே 'மறந்துவிடு'ன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அமுக்கியும் விட்டார். மறுபடி பொத்தானை அழுத்திப் பிடி, விளக்கு மினுக்கட்டும் என்று முதலிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே இன்னொரு வரி வேண்டியிருக்கிறது. மறந்துவிடுவை அமுக்கியதும் ஒரு தடவை கேட்கவேண்டும். "இந்தச் சாதனத்தை மறந்துவிடட்டுமா? மீண்டும் பயன்படுத்த முதலிலிருந்து அறிமுகமாக வேண்டும்" என்று வைத்திருக்கிறேன். பெட்டிக்குள் அடங்க நீளம் கொஞ்சம் அதிகம். யாராவது சுருக்கித் தந்தால் புதன்கிழமை இரவுக்குள் கோப்பை அனுப்பிவிடுவேன்.