காஸ் இல்லாத மிக் வெல்டர்: ஒட்டில் ஊசித் துளை, ஹட்டன் பக்கம் யாராவது சொல்லுங்கள்

வணக்கம். வீட்டுப் பாவனைக்கான 120 அம்பியர் மிக் வெல்டர் (வயரைத் தானே ஊட்டி ஒட்டும் மெஷின்), 0.8 மில்லிமீற்றர் பிளக்ஸ் கோர் வயர் (காஸுக்குப் பதிலாக ஒட்டைக் காக்கும் பிளக்ஸ் மாவு உள்ளே உள்ளது). 1.5 மில்லிமீற்றர் பொக்ஸ் பாரில் கேற் அடிக்க வேண்டும். ஒட்டு முழுக்க ஊசித் துளை.

டோர்ச் நெகட்டிவில், எர்த் கிளாம்ப் பொசிட்டிவில்தான் இருக்கிறது (காஸோடு ஓடும் வயருக்கு இது தலைகீழ்). வயரைத் தள்ளுவது பல் வைத்த ரோலர்; இறுக்கமும் மிதம்தான், கூட்டினால் உள்ளே மாவுள்ள வயர் நசுங்கிவிடும். டோர்ச் முனைக்கு வெளியே வயர் நீட்டம் 15 மில்லிமீற்றர். டோர்ச்சைத் தள்ளாமல் இழுத்தே ஒட்டுகிறேன். பெயின்ட், துரு எல்லாம் கிரைண்டரில் வழித்தாயிற்று.

சந்தேகம் ஈரத்தில்தான். இந்த மழைக்கும் பனிமூட்டத்துக்கும் வயர் ரோல் மெஷினிலேயே கிடந்தது. பிளக்ஸ் ஈரம் குடித்தால் துளை விழும். காய வைக்கலாம் என்றால் ரோல் பிளாஸ்டிக், சூட்டில் வளைந்துவிடுமே? என்ன சூட்டில், எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்? வீசிவிட்டுப் புதிது வாங்குவதே மேலா?

இன்னொன்று, எக்ஸ்டென்ஷன் 30 மீற்றர், 1 சதுர மில்லிமீற்றர் வயர். 13 அம்பியர் இழுத்தால் சுமார் 14 வோல்ட் இறங்கும், வயரும் சூடாகும். 2.5 போட்டால் 6 வோல்ட்டோடு நிற்கும். அந்தியில் வெல்டிங் வயர் தகட்டில் முட்டி முட்டி நிற்பது இதனாலா?

சீல் உடைக்காத 1 கிலோ ரோல் ஹட்டன், நுவரெலியாவில் எங்கே கிடைக்கும்?