பதில்: 'கேற்' எல்லாவற்றுக்கும் 'வாயில்' போதுமா?

வணக்கம்.

நாங்கள் தமிழாக்கும், குளங்களின் நீர்மட்டம் காட்டும் செயலியில் 'கேற்' (ஆங்கில gate) வரும் இடமெல்லாம் 'வாயில்' என்றே போட்டுவிடலாம் என்று குழுவில் தம்பி எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை.

'கேற்' என்பதற்குப் போர்த்துக்கீசத்தில் உள்ள சொற்களை அக்கா பட்டியலிட்டிருந்தார், அதைத் திரும்ப ஒருக்கால் பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரு சொல். போர்த்துக்கீசம் பேசுவோரோ வளவுக்குப் போர்த்தாவ், அணைக்குக் கொம்போர்த்தா, ரயில் கடவைக்குக் கன்செலா, கணினியின் தர்க்கச் சுற்றுக்குப் போர்த்தா லோஜிக்கா என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் பிரேசில்காரர் போர்த்தாவ் என்பார், போர்த்துக்கல்காரர் போர்த்தா என்பார். இரு நாட்டுக்கும் தனித்தனி மொழிக் கோப்பு இருப்பதால் சண்டை இல்லை.

எங்களுக்கும் வேலிக்குப் படலை இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் அதுவே தர்க்கப் படலையாகவும் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் தருக்க வாயில். அதை இங்கே இழுக்க வேண்டாம், எங்கள் செயலியில் அது வராது.

சிக்கல் குளத்தில்தான். அங்கே 'கேற்' இரண்டு வகை: துருசு, வான்கதவு. துருசைத் திறந்தால் கட்டின் அடியால் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும், வயலுக்குப் போகும். சிறுபோகத்தில் சனம் காத்திருப்பதே அதற்குத்தான். வான்கதவு திறப்பது மாரியில், குளம் நிரம்பி மிஞ்சும்போது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் அதைத் திறந்தால் கனகராயன் ஆறு வழியே வெள்ளம் இறங்கும். பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் சாமானை உயரத்தில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆங்கிலச் செயலியில் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை வரி. கொம்போர்த்தாவும் இரண்டையும் சேர்த்தே குறிப்பதால் இந்த இடத்தில் போர்த்துக்கீசமும் எங்களுக்கு உதவாது.

குழுவில் உள்ள கோயம்புத்தூர் ஐயா 'மதகு' என்றார். அவர் ஊர் ஏரிக்கு அது சரியான சொல். வன்னியில் மதகு என்றால் தெருவுக்குக் குறுக்கே தண்ணீர் போகும் சின்னப் பாலம். பின்னேரத்தில் பெடியள் குந்தியிருந்து கதைக்கும் இடம். 'மதகு திறக்கப்பட்டது' என்று இரவு குறுஞ்செய்தி வந்தால் ஒருவரும் பாயை விட்டு எழும்பமாட்டார்கள். மிகைநீர் வழியும் இடத்துக்கு அவர்கள் சொல்லும் 'கலிங்கு'வும் இங்கே எல்லோருக்கும் உடனே விளங்காது.

ஆகவே என் முன்மொழிவு: எச்சரிக்கையிலும் நிலைகாட்டியிலும் 'துருசு', 'வான்கதவு' என்று தனித்தனியே வரட்டும். இரண்டுக்கும் பொதுவான பட்டித் (menu) தலைப்புக்கு மட்டும் 'நீர்க்கதவு'. நாங்கள் புதிதாகச் சேர்க்கும் சொல் அது ஒன்றுதான். கேட்டவுடன் விளங்கும், வேறெதோடும் முட்டாது. இடம் போதாத பொத்தானில் 'வான்' என்று சுருக்க வேண்டாம். வேனையும் இங்கே வான் என்றுதான் எழுதுகிறோம், 'வான் திறந்துள்ளது' என்றால் சிரிப்பார்கள்.

செயலிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் (gettext) முறையில் ஒரே ஆங்கில வரிக்குச் சூழல் குறிப்புக் கொடுத்துப் பிரிக்கலாம். மூல நிரலில் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் நாங்கள் எந்தச் சொல்லைத் தெரிவு செய்தும் பயனில்லை, ஆகவே முதலில் அதை நிரலாளர்களிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு ஏரிகளும் இதே செயலிக்குள் வரப்போகின்றன என்றால் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று கோப்பையும் இரண்டாக்குவோம். ஐயாவுக்குச் சம்மதமா?