கேர்க்காய் ஊறவைக்கும் முறைக்கு எந்தச் சொல்?

ஐயா, கேர்க்காயை ஊறவைத்துக் கசப்பைப் போக்கும் முறைக்கு ‘கசப்பகற்றல்’ என்ற சொல் எனக்குப் போதவில்லை. வேகவைத்து நீரை இறுத்தாலும் கசப்பு அகலும். தார்ப் பாலைவனத்தில் கேர்க்காய்க்குச் செய்வது அதுவல்ல.

கேர் ஓர் இலையில்லாப் புதர். பச்சைக் கிளையே இலையின் வேலையைச் செய்கிறது. பட்டாணி அளவு இளங்காய்க்கே மதிப்பு. பெருத்தால் விதை கடினமாகிவிடும். 1 கிலோ காய்க்கு 2 லிட்டர் தண்ணீர், 100 கிராம் கல்லுப்பு. மண்பானையில் காய் மிதக்காதபடி மேலே தட்டும் கல்லும் வைக்க வேண்டும். நீருக்கு மேல் நிற்கும் காயில்தான் பூஞ்சணம் பிடிக்கும். உப்பு குறைந்தால் காய் கொழகொழத்துவிடும். இரண்டு நாளுக்கொரு முறை உப்புநீரை மாற்றினால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பச்சை போய் மஞ்சள் பாரிக்கும். கடித்துப் பார்த்துக் காட்டம் அடங்கியிருந்தால் கழுவிக் கலகலவென்று காயவைக்கலாம், அல்லது கடுகெண்ணெயில் ஊறுகாய் போடலாம்.

உள்ளே நடப்பது மூன்று. குளுக்கோகப்பாரின் என்ற கந்தகச் சேர்மத்தில் ஒரு பகுதி நீரில் இறங்குகிறது. ஒரு பகுதியை நொதி பிளக்கிறது (கடுகின் காட்டமும் இந்த வகைதான்). லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிப்பேற்றுகின்றன. ஆகவே ‘ஊறல்முறிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

மறுமொழி:

‘முறிப்பு’ சரி. நஞ்சுமுறிவு என்பது போல, பொருள் உள்ளேயே இருந்து வலுவிழப்பதையும் அது சொல்லும். ‘ஊறல்’ வேண்டாம் ஐயா! ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர்கள் இதையும் போலீஸ் சோதனை என்றே நினைப்பார்கள். ‘கசப்புமுறிப்பு’ என்று வைப்போம். கேரை மோரில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. நம் சுண்டைக்காயையும் கீறி, இரவில் உப்பு மோரிலும் பகலில் வெயிலிலுமாக வைத்துத்தானே வற்றல் போடுகிறோம்? எனவே ‘உப்புநீர் முறிப்பு’, ‘மோர் முறிப்பு’ என இரண்டு உட்பிரிவு.

மறுமொழி:

ஏற்கிறேன். ஒரு வரம்பு மட்டும் சேருங்கள். கேருடன் சமைக்கும் சாங்ரி, அதாவது வன்னிக்காய், வேகவைத்து உலர்த்துவது. அதை இந்தச் சொல்லுக்குள் கொண்டுவரக் கூடாது. உலர்ந்த கேரைச் சமைப்பதற்கு முன் இரவு முழுக்க நனைப்பதும் முறிப்பல்ல, வெறும் நீரேற்றம். சிவக்கப் பழுத்த கேரின் சதையை அப்படியே தின்பார்கள். அதற்கு முறிப்பே தேவையில்லை.