கிராஃபிட்டிக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கும்பகோணம், திங்கள் காலை

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

முதலாண்டு ஓவிய மாணவர்களுக்காகக் கலை வரலாற்றுப் பாடம் ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். கிராஃபிட்டி, அதாவது பொது இடத்துச் சுவர்களில் எழுதுவதும் வரைவதும்.

பாடம் அமெரிக்க ஓவியர் கீத் ஹேரிங்கைப் பற்றியது, அதிலும் அவர் மாணவராக இருந்த காலம். 1978இல், இருபது வயதில், நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் வந்து சேர்ந்தார். ஓவியத்தோடு, குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் குறியியலும் படித்தார். 1980இல் நாளிதழ்த் தலைப்புகளைக் கத்தரித்து, சொற்களை இடம் மாற்றி ஒட்டி, நடக்காத செய்திகளை உண்டாக்கினார். ‘வீரக் காவலர் கையால் ரீகன் கொலை’ என்பது அவற்றில் ஒன்று. ரீகன் அப்போது அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார். அதை நகலெடுத்து விளக்குக் கம்பங்களில் ஒட்டினார். அதே ஆண்டில்தான், சுரங்க ரயில் நிலையத்தில் காலம் முடிந்த விளம்பரத்தின் மேல் வெறும் கருப்புத் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, படியேறிப் போய்ச் சாக்பீஸ் வாங்கிவந்து வரையத் தொடங்கினார். 1985 வரை அப்படி வரைந்தார். காவலர்கள் பலமுறை பிடித்திருக்கிறார்கள்.

கம்பத்தில் ஒட்டிய சொல், தாளில் வரைந்த படம், பெயருக்குப் பதிலாகப் போட்ட தவழும் குழந்தை, இத்தனைக்கும் ஒரு சொல் போதுமா? ‘சுவரெழுத்து’ என்று போட்டு வகுப்பில் வாசித்தேன். ஒரு பையன், “மிஸ், எந்தக் கட்சிக்கு வரைந்தார்?” என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

உதவுங்கள்.


திருநெல்வேலி, திங்கள் மாலை

அம்மா,

சொல்லின் வேரைப் பார்த்தால் வழி கிடைத்துவிடும். இத்தாலியத்தில் கிராஃபியாரே என்றால் கீறுதல். கிராஃபிட்டோ ஒருமை, கிராஃபிட்டி பன்மை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரத்துச் சுவர்களில் மக்கள் எழுத்தாணியால் கீறி வைத்தவை ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அதில் ஒருவன், ‘சுவரே, இத்தனை பேர் எழுதிய அலுப்பைச் சுமந்தும் நீ இடிந்து விழாதது வியப்பு’ என்று அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறான்.

ஆகவே: கீறெழுத்து.

வினைத்தொகை. கீறிய எழுத்து, கீறுகின்ற எழுத்து, கீறும் எழுத்து. ‘உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்’ என்ற விதிப்படி கீறு + எழுத்து எந்தத் தடையும் இல்லாமல் சேர்கிறது. ஊறுகாயை ஏற்ற நாக்கு இதையும் ஏற்கும். இன்னொன்று, எழுதுதலைக் குறிக்கும் கிரேக்கக் கிராஃபைனும் நம் கீறும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் நெடுநாளைய எண்ணம். ககரமும் ரகர றகர ஒலியும் இரண்டிலும் நிற்பதைப் பாருங்கள். இதுபற்றித் தனியே எழுதுகிறேன்.


யாழ்ப்பாணம், செவ்வாய் காலை

ஐயா கோபிக்கக் கூடாது. ககர ரகரம் ஒத்து வருவதை வைத்து உறவு சொன்னால் ‘கரடி’யும் ‘கிரகம்’உம் அண்ணன் தம்பி ஆகிவிடும்.

இலங்கையில் சிகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரை, கண்ணாடி போல் பளபளக்கத் தேய்த்த அந்தச் சுவரை, நினைத்துப் பாருங்கள். மேலே வரைந்திருக்கும் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக அந்தச் சுவரில் கவிதை கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். தொல்லியலாளர் பரணவிதான 1956இல் 685 பாடல்களைப் படித்துப் பதிப்பித்தார். சிங்களத்தில் அவற்றை ‘குருட்டு கீ’ என்பார்கள். குருட்டு என்றால் கிறுக்கல், கீ என்றால் பாட்டு. அரசன் மாளிகைச் சுவரில் கிறுக்கிய பாட்டு என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம் இல்லை. நமக்கு மட்டும் ஏன்?

‘கிறுக்கல்’ என்றே போடுங்கோ. வேண்டுமென்றால் சுவர்க்கிறுக்கல். படிக்கிற பிள்ளைக்கு அகராதி தேவைப்படாது. தவழும் குழந்தை மாதிரிப் பெயருக்குப் போடுகிற அடையாளத்துக்கு எங்கள் ஊர்ச் சொல் ஒன்று இருக்கிறது, கைச்சாத்து. நியூயார்க்கில் டாக்கி 183 என்று ஒருவர் போகிற இடமெல்லாம் எழுதி வைத்து, 1971இல் பத்திரிகையில் செய்தியானாரே, அது கைச்சாத்துத்தான். பெயரும் அவர் இருந்த தெருவின் இலக்கமும்.


திருநெல்வேலி, செவ்வாய் மதியம்

> ‘கிறுக்கல்’ என்றே போடுங்கோ.

தம்பி, கிறுக்கு என்றால் பித்து என்றும் பொருள். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கிறுக்கன் என்றால் சண்டை வரும். ஒரு கலைஞர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையைப் பாடப்புத்தகமே பித்து என்று சொல்லலாமா? 1990இல் 31 வயதில் எய்ட்ஸால் இறந்துபோன மனிதர் அவர்.

எழுத்து என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது எழுத்தை மட்டும் குறித்த சொல் அன்று. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்கிறது 1285ஆம் குறள். அங்கே எழுதுவது கடிதம் அன்று, கண்ணுக்கு மை. தீட்டுவதும் வரைவதும் நமக்கு எழுதுவதாகவே இருந்தன. அம்மா முதல் மடலில் கேட்டாரே, படத்துக்கும் சொல்லுக்கும் சேர்த்து ஒரு சொல் கிடைக்குமா என்று. ஆங்கிலத்துக்குக் கிடைக்காத வசதி நமக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது.

‘பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்’ என்று அகநானூறு 67இல் வருகிறது. அதர் என்றால் வழி. வழிதோறும், போகிற வருகிறவர் கண்ணில் படும்படி, பெயர் எழுதி நிறுத்தினார்கள். பொது இடத்தில் எழுத்து என்பதை நாம் வெளியூரிலிருந்து கற்கவில்லை. அப்புறம் இந்த ‘மடல்’. நாம் அஞ்சலுக்கு வைத்துக்கொண்ட இந்தப் பெயர் பனைமடல். காதலன் பனைமடலில் குதிரை செய்து, காதலியின் உருவத்தைக் கிழியில், அதாவது துணியில், எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் நடுவே வருவான். அந்தக் கிழியும்...


ஈரோடு, செவ்வாய் இரவு

ஐயா, மடலேறுவதைத் தனி இழையில் பேசலாமே. வெள்ளி நெருங்குகிறது.

கீறெழுத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தொல்லியலில் ‘கீறல்’ ஏற்கெனவே கலைச்சொல். கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓடுகளில் சுட்ட பிறகு கூர்முனையால் கீறிய குறியீடுகள் இருக்கின்றன. அவற்றைத்தான் கீறல் என்கிறோம். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்று தமிழ் பிராமியில் பெயர் வாசிக்க முடிந்தால் அது எழுத்துப்பொறிப்பு. வாசிக்க முடியாத குறி மட்டும் கீறல். இந்த வேறுபாட்டை வகுப்பில் புரியவைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகிறது. எழுத்து அல்லாததற்குக் கீறல் என்று பெயர் வைத்திருக்கிறோம். இப்போது கீறெழுத்து என்று ஒன்று வந்தால் இரண்டும் குழம்பும். அகழாய்வு அறிக்கைகளை இன்று பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே என்று கேட்பீர்கள். அங்கே இருக்கும் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?


தஞ்சாவூர், புதன் காலை

நீங்கள் எல்லாரும் கருவியையும் இடத்தையும் பார்க்கிறீர்கள். கம்பியால் கீறினாலும் சாக்பீஸால் வரைந்தாலும், சுவரானாலும் ரயிலானாலும், உயிர் எங்கே இருக்கிறது? அனுமதி கேட்காமல் எழுதுவதில். சென்னை கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அழகானவை. ஆனால் அவை கேட்டு வரைந்தவை, அவற்றுக்குச் ‘சுவரோவியம்’ போதும். கேளாமல் வரைவதற்குத்தான் தனிச் சொல் தேவை.

கரத்தல் என்றால் மறைத்தல். கரவு, கரவடம், கரவர். சித்திரகவியில் கரந்துறை பாட்டு என்றே ஒரு வகை உண்டு, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். நள்ளிரவில், யாரும் பாராதபோது, பெயர் சொல்லாமல் எழுதுவது கரவெழுத்து. வடமொழி கலவாத தூய சொல். இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.


சென்னை, புதன் மாலை

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தக் குழுமத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. ஓவியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் பேசுகிற வேலையை நானும் கொஞ்சம் செய்து பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு ஈபி பெட்டி இருக்கிறது. சாம்பல் நிறம், துருப்பிடித்த கதவு. ‘இருக்கிறேன்’ என்று எழுத நினைத்தேன், நாளுக்கு ஓர் எழுத்தாக. முதல் நாள் இ. மறுநாள் ரு. அப்புறம் க், கி. காலை ஏழரைக்கு, எல்லாரும் பார்க்கத்தான் எழுதினேன். பூ விற்கிற அம்மா ஒருவர், “ஓட்டு லிஸ்டுக்கா கண்ணு?” என்று கேட்டார். இல்லை ஆயா, சும்மா என்றேன். ஐந்தாம் நாள் போனால், எனக்கு முன்னாலேயே யாரோ செங்கல் துண்டால் ‘யா’ என்று எழுதிவிட்டிருந்தார்கள். இருக்கியா.

செங்கல் தூள் பெட்டியின் விளிம்பில் அப்படியே இருந்தது. நான் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. மழை வந்து அழிகிற வரைக்கும் தினமும் பார்த்தேன்.

தஞ்சாவூர் ஐயா சொன்ன அனுமதி கேளாமை சரி. கரவு சரியில்லை. ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்று படித்திருக்கிறோம், கரவா என்றால் மறைக்காமல். நான் காக்கை மாதிரிக் கூப்பிட்டேன், யாரோ வந்தார்கள். ஹேரிங்கும் பட்டப்பகலில், ரயிலுக்கு நிற்கிற ஆட்கள் நடுவில் வரைந்தவர். ஒளிந்து எழுதுகிறவர்களும் உண்டுதான், ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. அதோடு, கரவெழுத்து என்று விடுதியில் சொல்லிப் பார்த்தேன். கறவை மாட்டின் மேல் எழுதுவதா என்றார்கள்.

நாங்கள் பேசும்போது கிராஃபிட்டி என்றுதான் சொல்கிறோம். ஆனால் வீட்டில் பாட்டிக்குச் சொல்ல ஒரு சொல் இருந்தால் நன்றாக இருக்கும்.


மதுரை, புதன் இரவு

தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

என் அப்பா முப்பது ஆண்டுகள் சுவர் எழுதியவர். முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். காய்ந்ததும் நூலை நீலப்பொடியில் தோய்த்து, இரண்டு முனையிலும் ஆள் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் சாக்பீஸால் எழுத்தின் உடம்பு, பிறகு தட்டைத் தூரிகையால் நிரப்பி, கடைசியில் ஓரத்துக்கு நிழல். நூல் சுண்டுகிற வேலை எனக்கு. ப்ளெக்ஸ் வந்த பிறகு அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

சொல்ல வந்தது இது. தலைவர் முகம் வரைந்தாலும் சின்னம் வரைந்தாலும் அப்பா ‘எழுதப் போறேன்’ என்றுதான் சொல்வார். ‘வரையப் போறேன்’ என்று அவர் வாயில் வந்ததே இல்லை. நெல்லை ஐயா குறளில் காட்டியது எங்கள் வீட்டில் நேற்றுவரை இருந்தது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க நமக்கு 1959இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் சொல்லிலேயே கள்ளத்தனத்தை ஏற்ற வேண்டாம். குற்றமா கலையா என்பதை வகுப்பு பேசட்டும், பெயர் இடத்தை மட்டும் சொல்லட்டும். தெருவெழுத்து. பாட்டிக்கும் புரியும்.


யாழ்ப்பாணம், வியாழன் காலை

தெருவெழுத்து எனக்குச் சரி. கிறுக்கலை விட்டுவிடுகிறேன், கைச்சாத்தை விடமாட்டேன்.


திருநெல்வேலி, வியாழன் காலை

எனக்குச் சரியில்லை. தெருநாய், தெருக்கூத்து, தெருவிளக்கு என்று எதற்கு முன்னும் வந்து நிற்கிற சொல் அது. சுரங்கத்தில் ஏது தெரு? ரயில் பெட்டியில் ஏது தெரு?


ஈரோடு, வியாழன் மதியம்

ஐயா, தெருக்கூத்தும் இன்று மேடையில் நடக்கிறது, பெயரை யாரும் மாற்றவில்லை. பேருந்து நின்றது, மகிழுந்து நிற்கவில்லை. இரண்டும் இலக்கணப்படி சரியான சொற்கள்தாம். வாயில் எது தங்கும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. என் வாக்கு தெருவெழுத்துக்கு, முக்கியமாகக் கீறலை விட்டுவைத்ததற்காக.


கும்பகோணம், வெள்ளி மாலை

பாடம் போய்விட்டது.

முதல் இடத்தில் ‘கிராஃபிட்டி எனும் தெருவெழுத்து’ என்று போட்டேன், பிறகு எல்லா இடத்திலும் தெருவெழுத்து. டாக்கி 183 வருகிற பத்தியில் கைச்சாத்து, அருகில் கையொப்பம் என்று விளக்கத்தோடு. எழுது என்ற வினை மை தீட்டுவதற்கும் வந்ததைக் குறளோடு ஒரு பத்தியாகச் சேர்த்தேன். மதுரைத் தம்பியின் அப்பா சொன்னதையும், பெயர் குறிப்பிடாமல், அவர் இசைவோடு.

சென்னைத் தங்கை, உங்கள் ஈபி பெட்டியைப் பயிற்சிக் கேள்வியாக வைக்கலாமா? ‘இருக்கி’ வரை எழுதிவிட்டு, மிச்சத்தை மாணவர்கள் நிரப்ப இடம் விட நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் திங்கள் காலைக்குள் எடுத்துவிட முடியும்.


திருநெல்வேலி, வெள்ளி இரவு

அச்சுக்குப் போன பிறகு மறுப்பது முறையன்று, ஆனாலும் பதிவுக்காக. என் சொற்பட்டியலில் கீறெழுத்து என்றே இருக்கும். சாக்பீஸும் கரடான தாளில் கீறித்தான் எழுதுகிறது, கையில் பிடித்து எழுதிப் பார்த்தால் தெரியும்.


சென்னை, சனி காலை

வையுங்கள் மிஸ். ஆனால் கீழே விடை போட வேண்டாம்.