பழைய ஆட்டோகேட் ஃபைல் பாதிதான் திறக்கிறது, அவசரம்

கடைசிப்புள்ளி:
வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டின் பிளான். 2003ல் ஒரு இன்ஜினியர் அளந்து கம்ப்யூட்டரில் ஆட்டோகேடில் வரைந்தது, அப்பச்சி பீரோவில் சிடியாகக் கிடந்தது. புது ஆட்டோகேடில் திறந்தால் முகப்பும் அதற்கு அடுத்த பகுதியும்தான் வருகிறது. பின்னால் ஒன்றும் இல்லை. எழுத்தெல்லாம் கண்ணாபின்னா. ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடுகிறார்கள், ஓடு மாற்றும் செலவைப் பங்கு போட. அதற்குள் பிரிண்ட் வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

நோட்டுப்புத்தகம்:
புது ஆட்டோகேட் என்றால் எது? 2018ம் புதுசுதான், 2024ம் புதுசுதான். திறக்கும்போது ஏதாவது செய்தி வந்ததா?

வெல்டிங்மணி:
வைரஸ்தான் அண்ணே. ஆட்டோகேடுக்கென்றே லிஸ்ப் வைரஸ் உண்டு, எங்கள் ஆபீஸில் ஒரு தடவை ஆட்டம் காட்டியது. முதலில் ஸ்கேன் பண்ணுங்கள்.

கோடுபோடுறவன்:
கிராபிக்ஸ் கார்டு டிரைவரைப் பாருங்கள். எனக்கு இப்படித்தான் பாதிக் கோடு காணாமல் போனது.

லேயர்ஜீரோ:
பதினைந்து வருடமாக ஒரே பதிலைத் தட்டுகிறேன். பழைய ஃபைலைப் புது வெர்ஷன் திறக்கும், புதிய ஃபைலைத்தான் பழைய வெர்ஷன் திறக்காது. ஃபைலின் ஒரு நகலை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் படியுங்கள். ஏசி1015 என்றால் 2000 முதல் 2002 வரையிலான வடிவம், ஏசி1018 என்றால் 2004 முதல் 2006 வரை. இதைக்கூடப் பார்க்காமல் 'அவசரம்' என்று தலைப்புப் போட்டால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?

கடைசிப்புள்ளி:
மன்னிக்கணும் சார். ஆட்டோகேட் 2024. நோட்பேடில் ஏசி1015 என்று இருக்கிறது. திறக்கும்போது ஏதோ பெட்டி வந்தது, மூடிவிட்டேன்.

நோட்டுப்புத்தகம்:
அந்தப் பெட்டியில்தானே தம்பி எல்லாம் இருக்கிறது! எக்ஸ்ரெஃப் என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். இந்த ஃபைல் கூப்பிடுகிற வெளி ஃபைல்களின் பட்டியல் பக்கத்தில் வரும். எதற்காவது 'கிடைக்கவில்லை' என்று காட்டுகிறதா?

கடைசிப்புள்ளி:
ஆமாம், ரெண்டு பெயர். 'கட்டு2', 'கட்டு3'. பாதையில் டி டிரைவ் என்று போட்டிருக்கிறது. என்னிடம் டி டிரைவே இல்லை.

லேயர்ஜீரோ:
அப்படியானால் உங்கள் ஃபைல் முழு வீடு இல்லை. வீட்டின் பின்பகுதிகளான இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் தனித்தனி ஃபைல், அவற்றை இது வெளியிலிருந்து கூப்பிட்டுக் காட்டுகிறது. அந்த இன்ஜினியரின் கம்ப்யூட்டரில் டி டிரைவ் இருந்தது, காட்டியது. சிடியில் வேறு ஃபோல்டர் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடி அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அச்சாபீஸ்பாண்டி:
எழுத்துக்கு நான் வருகிறேன். முகப்புக்கு அடுத்து, நடுவில் திறந்தவெளி இருக்குமே, அங்கே என்ன எழுத்து இருக்கிறது? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கடைசிப்புள்ளி:
இங்கிலீஷில் சின்ன டி, சின்ன எஸ், பெரிய டி. அவ்வளவுதான்.

அச்சாபீஸ்பாண்டி:
சின்ன டி என்றால் வ. சின்ன எஸ் ள. பெரிய டி வு. 'வளவு'! பாமினி எழுத்து தம்பி, இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய ஃபான்ட். கல்யாணப் பத்திரிகை அடித்து அடித்து எனக்கு இது கண்ணை மூடினாலும் தெரியும். பாமினி ஃபான்ட்டை விண்டோஸில் நிறுவி, ஆட்டோகேடை மூடித் திறங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஸ்டைல் என்று அடித்து, அங்கே உள்ள ஃபான்ட் பெயரைப் பாமினியாக மாற்றுங்கள்.

வெல்டிங்மணி:
நடுவில் திறந்தவெளி என்றால் அது முற்றம் அல்லவா? வளவு எப்படி ஆகும்? பிரிண்ட் எடுக்கும் முன் திருத்திவிடுங்கள்.

பள்ளத்தூரான்:
எதைத் திருத்துவது? எங்கள் பக்கம் வளவுதான். வானம் தெரிகிற குழி மட்டும் இல்லை, சுற்றியிருக்கிற தூண், பத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள அறை எல்லாம் சேர்த்துச் சொல்வது. கல்யாணத்துக்கு 'வளவில் பாய் போடு' என்றால் மழை பெய்கிற இடத்திலா போடுவார்கள்?

வெல்டிங்மணி:
பிளானில் திறந்தவெளியில்தானே எழுதியிருக்கிறது? அதை முற்றம் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்றுதான் சொன்னேன்.

பள்ளத்தூரான்:
எல்லாருக்கும் எதற்குப் புரிய வேண்டும்? வருகிறவர்கள் அந்த வீட்டுப் பங்காளிகள்.

லேயர்ஜீரோ:
இது ஆட்டோகேட் இழை.

கடைசிப்புள்ளி:
எழுத்து வந்துவிட்டது! பாண்டி அண்ணனுக்கு நன்றி. சிடியில் 'புதியது' என்ற ஃபோல்டருக்குள் கட்டு2, கட்டு3 ரெண்டும் இருந்தன, சேர்த்துவிட்டேன். ஆனால் அடுப்படி தீப்பெட்டி அளவில் முகப்புத் திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கோடுபோடுறவன்:
டிரைவரைப் பார்த்தீர்களா?

நோட்டுப்புத்தகம்:
'சேர்த்துவிட்டேன்' என்றால் எப்படி? அட்டாச் கொடுத்துப் புதிதாகவா?

கடைசிப்புள்ளி:
ஆமாம்.

நோட்டுப்புத்தகம்:
அதுதான் கோளாறு. முகப்பை அங்குலத்திலும் பின்கட்டுகளை அடியிலும் வரைந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு சுவரை அளந்து பாருங்கள், 12 மடங்கு வித்தியாசம் தெரிந்தால் அதுவே. அவர் அன்றைக்குக் கொடுத்த அளவும் வைத்த இடமும் முகப்பு ஃபைலுக்குள் பதிந்து கிடக்கின்றன. புதிதாக அட்டாச் செய்தால் அதெல்லாம் வராது. நீங்கள் புதிதாகச் சேர்த்ததை மட்டும் நீக்கிவிட்டு, பட்டியலில் ஏற்கெனவே உள்ள கட்டு2, கட்டு3 பெயர்களுக்குப் பாதையை மட்டும் மாற்றுங்கள். தானாகப் போய்த் தன் இடத்தில் உட்காரும்.

லேயர்ஜீரோ:
சரியான பதில். ரெண்டையும் முகப்பு ஃபைல் இருக்கிற ஃபோல்டருக்குள்ளேயே காப்பி செய்துவிட்டால் பாதையைக்கூட மாற்ற வேண்டாம், அங்கேயும் தேடும். முடிந்ததும் இட்ரான்ஸ்மிட் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டி வையுங்கள், அடுத்த தலைமுறை இங்கே வந்து நிற்க வேண்டாம்.

கடைசிப்புள்ளி:
வந்துவிட்டது. கிணறு வரைக்கும் இருக்கிறது. நன்றி எல்லாருக்கும், பிரிண்ட் எடுக்கப் போகிறேன்.

அச்சாபீஸ்பாண்டி:
தம்பி, ஏ4ல் எடுத்துவிடாதீர்கள். இந்தத் தெருவில் வாசல் வைத்து அந்தத் தெருவில் கொல்லை முடிகிற வீடு, பங்காளிக்குத் தன் அறை கொசு மாதிரி தெரியும். பெரிய தாளில் அடிக்கிற பிளாட்டர் உள்ள கடையில் ஏ1 எடுங்கள். ஃபைலாகக் கொண்டுபோனால் அங்கே பாமினி இருக்காது, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

பள்ளத்தூரான்:
ஆள் போய்விட்டார் பாண்டி.