சித்தியின் கடைவாய்ப்பல்: குடும்பக் குழுவில் ஒரு கலந்துரையாடல்

சித்தி (ஹட்டன்), மாலை 6.42
எல்லோருக்கும் வணக்கம். கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாயில் சில வாரங்களாக வினோதமான ஒரு வலி இருக்கிறது. ரொட்டியையோ வறுத்த கடலையையோ கடிக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில்தான் சுரீரென்று இழுக்கிறது. காலையில் குழாய்த் தண்ணீர் பட்டாலும் கூசுகிறது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சூத்தையும் இல்லை, சீழும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மகள், நேரம் கிடைக்கும்போது பதில் எழுது.

மாமா (தலவாக்கலை), மாலை 6.50
தங்கச்சி, இந்த வயதில் ஒரு பல்லுக்காக ஏன் இத்தனை அலைச்சல்? பிடுங்கிவிட்டால் வலியும் போய்விடும், செலவும் மிஞ்சும்.

அம்மா, மாலை 6.58
கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வை. மற்றதை மூத்தவள் வந்து சொல்லட்டும்.

அக்கா (பல் வைத்தியர், பதுளை), இரவு 8.15
சித்தி, கிளினிக்கை இப்போதுதான் முடித்தேன். நீங்கள் எழுதியதை வாசித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது பல்லில் விரிசல் விழுந்திருக்கலாம் என்பதுதான், ஏனெனில் கடிக்கும்போதைவிடக் கடியை விடும்போது கூடுதலாக வலிப்பது அதற்கே உரிய குணம். கடிக்கும்போது விரிசலின் இரு பக்கங்களும் சற்று விலகுகின்றன. அழுத்தம் நீங்கியவுடன் அவை திடீரென்று மீண்டும் சேர்வதால், மிளிரிக்கு, அதாவது பல்லின் கடினமான வெளியுறைக்கு (எனாமல்), கீழே உள்ள பன்முதல் என்ற உட்படையின் நுண்குழாய்களில் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. 1964ஆம் ஆண்டில் கெமரன் என்பவர் இந்த அறிகுறிகளைத் தொகுத்து அதற்கு ஒரு தனிப் பெயரே கொடுத்தார், ஆகவே இது உங்கள் மனப்பிரமை அன்று. அந்தப் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு ஏதும் இருக்கிறதா?

சித்தி (ஹட்டன்), இரவு 8.21
இருக்கிறது. உன் தம்பி பிறப்பதற்கு முன்பே அடைத்தது, பல்லின் பாதியை அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

தம்பி (கொழும்பு, சித்தி மகன்), இரவு 8.24
அக்கா, விரிசல் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டாமா? முப்பரிமாண ஸ்கேன் ஒன்றை எடுத்தால் உறுதியாகிவிடும் அல்லவா? அம்மாவைக் கொழும்புக்கு அழைத்து வந்து எடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.

அக்கா (பல் வைத்தியர், பதுளை), இரவு 8.40
தம்பி, அதற்கு இப்போது பணத்தைச் செலவழிக்க வேண்டாம். கடைவாய்ப்பற்களில் விரிசல் பெரும்பாலும் முன்னிருந்து பின்னாக ஓடுகிறது. எக்ஸ்ரேக் கதிரோ கன்னத்தின் பக்கத்திலிருந்து நாக்கின் பக்கமாக அதை நேருக்கு நேர் கடந்து போவதால், அந்த மெல்லிய பிளவின் நிழல் படத்தில் விழுவதே இல்லை. அந்தக் கிளினிக்கில் பொய் சொன்னார்கள் என்று நான் எண்ணவில்லை, ஆனால் படம் சுத்தமாக இருக்கிறது என்பதோடு பரிசோதனையை முடித்திருக்கக் கூடாது. நீ சொல்லும் ஸ்கேனிலும் மயிரிழை போன்ற விரிசல் தப்பிவிடும், பக்கத்தில் வெள்ளி அடைப்பு இருந்தால் படமும் கலங்கிவிடும்.

இதற்கு வேண்டியவை எளிய கருவிகள்தாம். ஒரு முனையில் சிறு குழி உள்ள பிளாஸ்டிக் கட்டை ஒன்றைப் பல்லின் ஒவ்வொரு முகட்டின் மீதும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். எந்த முகட்டில் கடியை விடும்போது வலி எழுகிறதோ அங்கேதான் குற்றம் இருக்கிறது. பிறகு பழைய அடைப்பை எடுத்துவிட்டு, நீலச்சாயம் பூசியோ பக்கவாட்டில் பலமான வெளிச்சம் பாய்ச்சியோ பார்ப்பார்கள்; விரிசல் உள்ள இடத்தில் அந்த வெளிச்சம் தடைபட்டு, அப்பால் உள்ள பகுதி இருண்டு தெரியும். இறுதியாக, முரசுக்கும் (ஈறுக்கும்) பல்லுக்கும் இடையே அளவுக்கோலை விட்டுச் சுற்றிலும் ஆழம் பார்ப்பார்கள். என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. சுற்றிலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் இருந்துவிட்டு ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுகலாகவும் ஆழமாகவும் கோல் இறங்கினால், விரிசல் வேர்வரை போயிருக்கலாம் என்று அஞ்ச வேண்டும்.

மாமா (தலவாக்கலை), இரவு 8.52
மகள், நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் கேட்கிறேன். முறிந்த எலும்பு பொருந்துகிறதே, பல் மட்டும் ஏன் பொருந்தாது?

அக்கா (பல் வைத்தியர், பதுளை), இரவு 9.05
மாமா, மிளிரியில் உயிருள்ள கலங்கள் இல்லை, ஆகையால் அது தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளாது. நாம் செய்யக்கூடியதெல்லாம் விரிசல் மேலும் பரவாமல் பல்லை வெளியிலிருந்து இறுக்கிப் பிடிப்பதுதான். இப்போதைய நிலையில் ஒவ்வொரு வாய்ச் சோறும் விறகின் வெடிப்பில் இறங்கும் ஆப்பாகத்தான் வேலை செய்கிறது, எனவே தள்ளிப்போடுவதும் நல்லதல்ல.

அதே வேளை, உடனே பிடுங்குவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு முகடு மட்டும் உடைந்திருந்தால் அதை மூடி அடைத்தாலே போதும். விரிசல் ஆழமாக இருந்தும் நரம்பு நலமாக இருந்தால், முதலில் ஓர் உலோக வளையத்தைப் பல்லைச் சுற்றி ஒட்டி 2 முதல் 4 வாரம் பார்ப்பார்கள், வலி அடங்கினால் பல்லை முழுதாக மூடும் கிரவுன் போடுவார்கள். குளிர்ந்த நீர் பட்ட பின் கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, இரவில் தானாகவே வலி எழுந்தாலோ நரம்பு கெட்டுவிட்டது என்று கொண்டு, கிரவுனுக்கு முன், அந்த நரம்பை எடுத்துவிட்டு வேரின் உட்புறத்தை அடைக்கும் வேர்ச்சிகிச்சை செய்ய வேண்டிவரும். விரிசல் பல்லின் அடித்தளத்தைக் கடந்து அதை இரண்டாகப் பிளந்திருந்தால் மட்டுமே பெரும்பாலும் பிடுங்கும் பேச்சுக்கு இடம் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாமா. வெற்றிலையோடு கொட்டைப்பாக்கை மென்று கடிக்கும் பழக்கம் பற்களைத் தேய்த்து இப்படி வெடிக்கவும் வைக்கும். உங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

மாமா (தலவாக்கலை), இரவு 9.09
பேச்சு தங்கச்சியின் பல்லைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

அம்மா, இரவு 9.12
அதுவரை அவள் என்ன செய்வது? கராம்பு எண்ணெய் வேண்டாமா?

அக்கா (பல் வைத்தியர், பதுளை), இரவு 9.20
சிறிதளவு தொட்டு வைத்தால் தற்காலிகமாக மரத்துப்போகும், ஆனால் அதிகமானால் முரசு வெந்துவிடும், விரிசலுக்கு அதனால் பயனும் இல்லை. வலி இருந்தால் பனடோல் இரண்டு வில்லை போடலாம். 24 மணித்தியாலத்தில் எட்டு வில்லைகளுக்கு மேல் போகக் கூடாது. பார்மசியில் கேட்டு அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிக்க வேண்டாம், விரிசலுக்கு அது மருந்தே அல்ல. முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

நான் படித்த பேராதனைப் பல் வைத்தியசாலைக்கே போவது நல்லது என்பது என் எண்ணம். கண்டி பஸ்ஸில் ஏறினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக வந்து பேராதனையிலேயே இறங்கலாம். இலக்கம் எடுக்க வேண்டும் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். கடியை விடும்போதுதான் வலிக்கிறது என்பதை மறக்காமல் முதலில் சொல்லுங்கள்.

(அடுத்த வாரம்)

சித்தி (ஹட்டன்), பிற்பகல் 3.30
மகள், பேராதனையிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறேன். நீ சொன்னபடியே கட்டையை வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். நாக்குப் பக்கத்துப் பின்முகட்டில் வைத்தபோது துள்ளிவிட்டேன். அடைப்பை எடுத்துச் சாயம் பூசியதும் முன்னிருந்து பின்னாக ஒரு நீலக்கோடு தெரிந்தது, அதைக் கண்ணாடியில் எனக்கும் காட்டினார்கள். கோலை விட்டுப் பார்த்ததில் எங்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் இல்லையாம். வளையம் போட்டுத் தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். இனி வேர்ச்சிகிச்சை தேவைப்படாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அக்கா (பல் வைத்தியர், பதுளை), மாலை 5.10
ஆழம் 3 மில்லிமீற்றருக்குள் இருப்பது மிகவும் நல்ல செய்தி, சித்தி. ஆனால் அப்படி வாக்குறுதி கொடுக்க எனக்கு மனமில்லை: நரம்பு தேறும் என்று நம்பி கிரவுன் போட்ட இத்தகைய பற்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு ஆறு மாதத்துக்குள் வேர்ச்சிகிச்சை தேவைப்பட்டது. மற்ற நான்கு தப்பித்தன என்பதையும் பாருங்கள். இப்போதைக்கு வலப்பக்கத்தால் மெல்லுங்கள், கடலையையும் முறுக்கையும் தொடாதீர்கள். குளிர்ந்த நீர் பட்டபின் கூச்சம் எத்தனை விநாடி நிற்கிறது என்று தினமும் கவனித்து எனக்கு எழுதுங்கள். நித்திரையில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று சித்தப்பாவிடம் கேளுங்கள். அப்படியென்றால் கிரவுனுக்குப் பிறகு இரவில் அணிய ஒரு காப்புத் தகடும் செய்ய வேண்டும்.

சித்தி (ஹட்டன்), மாலை 5.24
கேட்டேன். தினமும் நறநறவென்று கடிக்கிறேனாம், இத்தனை வருடமாக எலி என்று நினைத்திருந்தாராம்.

மாமா (தலவாக்கலை), மாலை 5.40
மகள், அந்தக் கட்டைப் பரிசோதனை பதுளையிலும் உண்டா? எனக்கு மேல்வாயில் சற்று அப்படித்தான் இருக்கிறது.